வெர்னா தூக்காத விரல்

எங்கள் ஊரில் யாராவது இறந்துபோனால் அது முதலில் வெர்னா ஹைடுக்குக்குத்தான் தெரியும். பாதிரியாருக்கு அடுத்தபடியாக. "செத்தவனுக்கே சில சமயம் மூணாவதாத்தான் தெரியும்" என்பார் வெர்னாவின் கணவர் எமில்.

அப்படிப்பட்ட வெர்னாவுக்கு, பள்ளிக்கூட நாளிலிருந்து உயிருக்குயிராக இருந்த கோரா இறந்த செய்தி, கோராவின் அஸ்தியை எங்கள் ஊர் மண்ணிலேயே புதைத்து ஒரு வாரம் போன பிறகு, பெட்ரோல் பங்கின் காப்பி மேஜையில், பேச்சுவாக்கில்தான் தெரியவந்தது. செய்தி வராமல் இல்லை. வந்தது. வீடு வீடாகப் போய்த் தட்டியது. யாரும் திறக்காதீர்கள் என்று ஊருக்கே சொன்னவர் வெர்னாதான்.

நான் அவருடைய எதிர்வீட்டுக்காரி. முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து கனடாவின் சஸ்காச்சுவானில் இந்த ஸ்ட்ராத்வெல்லுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், வீட்டு வாசலில் நின்றுகொண்டே வெர்னா எனக்கு இரண்டு விஷயங்கள் சொல்லிக் கொடுத்தார். ஒன்று, சாலையில் எதிரே எந்த வண்டி வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்க வேண்டும். கையை ஆட்ட வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். ஒரு விரல் போதும். தெரிந்தவரா தெரியாதவரா என்று பார்க்கக் கூடாது. "தூக்கலேன்னா உனக்கு அவங்க மேல ஏதோ கோபம்னு அர்த்தம் கண்ணு" என்றார். இரண்டாவது, சங்கிலி.

சங்கிலி என்றால் போன் சங்கிலி. உச்சியில் ஒருவர் இருப்பார். அவர் நாலு பேரைக் கூப்பிடுவார், அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரை. பனிப்புயல், பள்ளிப் பேருந்து ஓடாது. யாருடைய மாடுகளோ வேலியை உடைத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டன. இன்னார் இறந்துவிட்டார், அடக்கத்துக்குப் பிறகு மண்டபத்தில் சாப்பாடு, முட்டை சாண்ட்விச் யார், இனிப்பு யார். சங்கிலிக்கு ஒரே சட்டம்தான். கேள்வி கேட்காதே. கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிட்டு போனை வை, அடுத்த ஆளைக் கூப்பிடு. நின்று கேள்வி கேட்டால் லைன் அடைத்துக்கொள்ளும், அதற்குள் யாரோ ஒருவர் புயலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்திலிருந்தே உச்சியில் வெர்னாதான். ஒரு ஆகஸ்டில் ரயில் பாதையோரப் புல்லில் பிடித்த தீ ஊரை நோக்கி ஓடி வந்தபோது, அவர் சமையலறையில் நின்று நாலு பேரைக் கூப்பிட்டார். காப்பி ஆறுவதற்குள் சுற்றுவட்டாரத்து டிராக்டர்கள் எல்லாம் தீக்கு முன்னால் மண்ணைப் புரட்டிப் போட உழவுத் தட்டுகளோடும் தண்ணீர்த் தொட்டிகளோடும் வந்து நின்றுவிட்டனவாம். அன்றைக்கு யாராவது "நிஜமாவா வெர்னா, நீ பாத்தியா?" என்று கேட்டிருந்தால் ஊர் இருந்திருக்காது. வெர்னா சொன்னால் சொன்னதுதான் என்பது அப்படித்தான் ஊருக்குப் பழகிப்போனது. வெர்னாவுக்கும் பழகிப்போனது.

பிறகு சங்கிலி ஃபேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்தது. ஊர்க் குழு ஒன்றைத் தொடங்கி வெர்னாவையே தலைவியாக்கினார்கள். முதலில் புயலும் மாடும் சாவும்தான் வந்தன. அப்புறம் மற்றவையும் வர ஆரம்பித்தன. மஞ்சள் பூனைக்குட்டி ஆடும் வீடியோவைத் திறந்தால் போன் செத்துவிடும். அலாஸ்காவில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆயிற்று. நாளைக் காலையிலிருந்து உங்கள் படமெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம், இந்த வரிகளை நகலெடுத்து ஒட்டாவிட்டால். மார்ட்டின் டோல் என்ற பெயரில் நட்பு அழைப்பு வந்தால் ஏற்காதீர்கள், அவன் ஹேக்கர். வெர்னாவுக்கு எது வந்தாலும் சங்கிலியின் சட்டப்படிதான். கேட்டதைக் கேட்டபடி அடுத்தவருக்கு.

காப்பி மேஜையில் எமில் கிண்டல் செய்வார். "நேத்து டிராக்டர் ஸ்டார்ட் ஆகல. பூனைக்குட்டி வீடியோ பாத்திருக்குமோன்னு சந்தேகம்."

"சிரி, சிரி. உன் போன் போனப்புறம் என்கிட்ட வராதே" என்பார் வெர்னா.

அந்த ஹேக்கர் எச்சரிக்கையை வெர்னா அனுப்பிய அதே வாரம் மதுரையிலிருந்து என் சித்தியும் அனுப்பியிருந்தார். தமிழில், வரிக்கு வரி அதேதான். ஹேக்கருடைய பெயர் மட்டும் செந்தில் என்று இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெர்னாவிடம் காட்டி அர்த்தம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"பாத்தியா, உங்க ஊர்லயும் அவன் வேலையைக் காட்டிட்டான்" என்றார்.

வெர்னா முட்டாள் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த வசந்தத்தில்தான் பக்கத்து ஊரில் ஒரு கிழவரைப் பேரனின் குரலில் பேசி ஏமாற்றியிருந்தார்கள். தனியாக இருக்கிற வயதானவர்களைப் பற்றி இந்த ஊரில் உண்மையாகக் கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான். கவலைப்பட்டதால்தான் அனுப்பினார்.

இனி கோரா. வெர்னாவின் சமையலறையில், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு பழைய படம் உண்டு. பள்ளிப் பேருந்தின் படிக்கட்டில் இரண்டு சிறுமிகள், ஒருத்திக்கு முன்பல் இல்லை. முன்பல் இல்லாதவள் கோரா யாரெம்கோ. படிப்பு முடிந்ததும் மேற்குக் கரைக்குப் போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். ஊரிலிருந்த அவளுடைய மனிதர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், கோரா யாரெம்கோ என்ற பழைய பெயரிலேயே, வந்துகொண்டிருந்தன. பிறகு ஒரு வருஷம் இவர் அனுப்பவில்லை, அடுத்த வருஷம் அவள் அனுப்பவில்லை. சண்டை ஒன்றும் இல்லை, அப்படியே நின்றுவிட்டது.

ஆனால் பேச்சு அடிக்கடி கோராவிடம்தான் போய் நிற்கும். "அவ இங்கேதான் வருவா. அவங்க அம்மா பக்கத்துல இடம் இருக்கு. முதல்ல அவ போனா சாண்ட்விச் நான் போடணும், நான் போனா அவ போடணும். பேருந்துல வச்சுச் செஞ்ச சத்தியம் அது" என்பார் வெர்னா.

ஜூன் மாதம். வெர்னா வீட்டு முன்புறத்தில் தக்காளிச் செடி வைத்துக்கொண்டிருந்தார், நான் மண்வெட்டியோடு கூட நின்றேன். ஈடித்திடமிருந்து போன். சங்கிலியில் வெர்னாவுக்கு அடுத்த கண்ணி ஈடித். தனியாக இருப்பவர், சத்தமாகப் பேசுபவர். போனைக் காதில் வைக்காமலே எல்லோருக்கும் கேட்கும்.

"வெர்னா, ஆப்பிள் மரம் படம் போட்டு ஒருத்தன் எனக்கு ஃபிரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கான். டெஸ்மண்ட் கார்வின்னு பேரு. யாருடீ அவன்?"

"தெரியலயே. மூஞ்சி இல்லையா?"

"மூஞ்சியும் இல்ல, ஃபிரெண்டும் இல்ல. நேத்துத்தான் கணக்கே ஆரம்பிச்சிருக்கான். லைலுக்கு அனுப்பியிருக்கான், பேக்கரிக்காரிக்கு அனுப்பியிருக்கான், ஊர் முழுக்க அனுப்பியிருக்கான். மெசேஜ் வேற வந்திருக்கு. திறந்து பாக்கவா?"

வெர்னா மண் ஒட்டிய கையால் தன் போனைத் தடவிப் பார்த்தார். அவருக்கும் வந்திருந்தது. ஆப்பிள் மரம், அதன் கீழே பெயர், அதன் கீழே திறக்கப்படாத ஒரு செய்தி.

"திறக்காதே! திறந்தா போச்சு. நான் பாத்துக்கறேன், நீ போனை வை."

கையைக்கூடக் கழுவவில்லை. தக்காளிப் பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பழைய எச்சரிக்கையைத் தேடி எடுத்தார். மார்ட்டின் டோல் என்று இருந்த இடத்தில் டெஸ்மண்ட் கார்வி என்று மாற்றினார். மற்றதெல்லாம் இருந்தபடியே இருந்தது.

"எல்லோரும் கவனிக்கவும். டெஸ்மண்ட் கார்வி என்ற பெயரில் வரும் நட்பு அழைப்பை ஏற்காதீர்கள். அவன் ஒரு ஹேக்கர். உங்கள் நண்பர்களில் ஒருவர் ஏற்றால்கூட உங்கள் போனும் அவன் கைக்குப் போய்விடும். அவன் அனுப்பும் செய்தியைத் திறந்தால் வைரஸ் ஏறி எல்லாம் அழிந்துவிடும். காவல்துறையில் இருக்கும் என் நண்பர் உறுதி செய்த தகவல் இது. உங்களுக்கு வேண்டியவர்கள் எல்லோருக்கும் நகலெடுத்து அனுப்பவும்."

"காவல்துறையில யாரு வெர்னா, உங்க நண்பர்?" என்று கேட்டேன்.

"அது அதுலயே இருந்த வரி கண்ணு. அது இருந்தாத்தான் ஜனங்க கேப்பாங்க" என்றபடி அனுப்பிவிட்டு, அந்த டெஸ்மண்ட் கார்வியை பிளாக் செய்துவிட்டு, தக்காளிக்குத் திரும்பினார்.

சாயங்காலத்துக்குள் ஊரே அவனை பிளாக் செய்துவிட்டது. ஈடித் ஒன்டாரியோவில் இருக்கும் தன் அக்காள் மகளுக்கும் அனுப்பினார். யாரும் அந்தச் செய்தியைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஒரே நிமிஷத்தில் தெரிந்திருக்கும். திறக்காதே என்பதுதான் எச்சரிக்கையே.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை நான் வேலையில் இருந்தேன். அன்றைக்கு நடந்ததெல்லாம் வெர்னா பிற்பாடு எனக்குச் சொன்னது. எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னார்.

மத்தியானம் ஊர் மண்டபத்துக்கு வெளியே மேற்குக் கரையின் பிரிட்டிஷ் கொலம்பியா நம்பர் பிளேட்டோடு ஒரு கார் நின்றது. யாரோ குழுவில் போட்டார்கள்: "மண்டபத்துல யாரு? வெளியூர் வண்டி." இன்னொருவர்: "அந்த ஆப்பிள் மரத்தான் அந்தப் பக்கத்து ஆளுன்னுதானே போட்டிருந்தான்?" ஈடித்: "கடவுளே, நேர்லயே வந்துட்டானா?"

வெர்னா தன் பச்சை பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மண்டபத்தின் முன்னால் வேகத்தைக் குறைத்தார். கதவு காற்றுக்கு மூடிக்கொள்ளாமல் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருந்தது. உள்ளே நீள மேஜை, வெள்ளை விரிப்பு, கடையில் வாங்கிய சாண்ட்விச் தட்டுகள் பிளாஸ்டிக் மூடியோடு. வாசலில் கோட்டு சூட்டு போட்ட உயரமான கிழவர் ஒருவர் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெர்னாவின் வண்டியைக் கண்டதும் அவர் முகம் மாறியது. கையை உயர்த்தி ஒரே ஒரு விரலைத் தூக்கினார். எங்கள் ஊர்க்காரர் தூக்குவதைப் போலவே.

பார்த்தியா, நம்ம வழக்கத்தைக்கூடக் கத்து வச்சிருக்கான் என்று வெர்னா நினைத்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல் எதுவும் எழவில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, இன்னும் மெதுவாக ஓட்டி, நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தார். அவர் அப்போதும் நின்றுகொண்டிருந்தார். இரண்டாம் தடவை விரலைத் தூக்கவில்லை.

படம் குழுவில் ஏறியது. கீழே வெர்னா எழுதினார்: "கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள். யாரும் மண்டபத்துப் பக்கம் போக வேண்டாம்." யாரும் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து, காப்பி மேஜை. வெர்னா, எமில், நான், எதிரே லைல். லைல்தான் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுபவர், குழி வெட்டுபவரும் அவரே. சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"வெர்னா, அந்த யாரெம்கோ இடத்துல புல்லு விதைச்சுடவா, இல்ல கல்லு வர்ற வரைக்கும் விட்டு வைக்கவா?"

"எந்த யாரெம்கோ இடம்?"

"அதான், கோராவை வச்ச இடம்."

"கோராவை வச்ச இடமா? என்ன லைல் பேசறே?"

வெர்னா விளையாடுகிறார் என்று நினைத்து லைல் சிரிக்கப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "போன சனிக்கிழமை வச்சாங்களே. யாரெம்கோ இடத்துல அஸ்திக்குச் சின்னக் குழி ஒண்ணு வெட்டுன்னு ஊராட்சி ஆபீஸ்ல சொன்னாங்க. வெள்ளிக்கிழமையே வெட்டி வச்சுட்டு நான் தங்கச்சி ஊருக்குப் போயிட்டேன். வந்து பாத்தா மூடியிருக்கு, மேல கோரான்னு பேர் எழுதின சின்னப் பலகை. சங்கிலில ஒண்ணும் வரலையா, சரி, வீட்டு ஆளுங்க மட்டும் போதும்னு சொல்லிட்டாங்க போலன்னு நெனச்சேன். உனக்குத் தெரியாமயா இருக்கும்?"

எமில்தான், பாவம், யோசிக்காமல் வாயைத் திறந்தார். "போன சனிக்கிழமையா? அன்னிக்குத்தானே மண்டபத்துல அந்த ஹேக்கர்..."

பாதியில் நிறுத்திவிட்டார். வெர்னா கோப்பையை மேஜையில் வைக்கப் போனார், மேஜை விளிம்பு எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. காப்பி மடியில் கொட்டியது. துடைத்துக்கொள்ளாமல் எழுந்து வெளியே போனார்.

அவர் சமையலறையில்தான் அந்தச் செய்தியைத் திறந்தோம். பிளாக்கை எடுக்க அவருக்குத் தெரியவில்லை, நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"என்னை உங்களுக்குத் தெரியாது. நான் கோரா யாரெம்கோவின் கணவன். கோரா மார்ச் மாதம் போய்விட்டாள். தன்னை உங்கள் ஊரில் அம்மாவின் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறாள். ஜூன் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் அஸ்தியைக் கொண்டுவருகிறேன், பிறகு மண்டபத்தில் சாண்ட்விச். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. காது மந்தம், போனில் பேச வராது. அதனால் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடி, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் இதை அனுப்புகிறேன். தொந்தரவாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்தான் இந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தாள். படத்தில் இருக்கும் ஆப்பிள் மரம் கோரா நட்டது. உங்கள் ஊரில் வெர்னா என்று ஒருவர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர் பெயர் என்னவென்று எனக்கு நினைவில்லை. வேறு யார் வராவிட்டாலும் வெர்னா வந்தால் போதும் என்றாள் கோரா."

எல்லோருக்கும் போனது இவ்வளவுதான். வெர்னாவுக்கு வந்ததில் கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது. அதைப் படிக்காமல் போனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்கள்தானே அந்த வெர்னா?"

அவர் அழவில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலிருந்த படத்தை எடுத்து, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

முதல் வேலையாகக் குழுவில் எழுதினார். "டெஸ்மண்ட் கார்வி பற்றி நான் எழுதியது பொய். காவல்துறையில் எனக்கு நண்பர் யாரும் இல்லை. அவர் நம் கோராவின் கணவர். அவர் அனுப்பிய செய்தியைத் திறந்து படியுங்கள். வெர்னா."

சற்று நேரத்தில் ஈடித் எழுதினார்: "யாரும் நம்பாதீங்க! வெர்னாவோட கணக்கை அவன் பிடிச்சுட்டான். வெர்னா இப்படி எழுதவே மாட்டா!" அதன் கீழே வேறொருவர்: "செய்தியைத் திறந்து படிக்கணுமாம். ஆளு கில்லாடி." பேக்கரிக்காரி ஒரு அழுகிற முகம் போட்டு, "பாவம் வெர்னா. எல்லாரும் அவளை பிளாக் பண்ணிடுங்க" என்று எழுதினார். பத்துப் பதினைந்து பேர் அப்படியே செய்தார்கள்.

வெர்னா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து ஈடித் வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"ஈடித், அதை எழுதினது நான்தான்."

ஈடித் கதவைச் சங்கிலி போட்டுக் கொஞ்சமாகத் திறந்து என்னையும் வெர்னாவையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். ஈடித் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். "உன்னை யாராவது மிரட்டி எழுத வைக்கறாங்களா? ஆமான்னா கண்ணைச் சிமிட்டு."

"யாரும் மிரட்டலடீ. நான் ஊருக்குப் பொய் சொன்னேன். கோரா செத்துப்போயிட்டா. அவ புருஷனை மண்டபத்துல தனியா நிக்க வச்சேன்."

ஈடித் கதவுச் சங்கிலியைக் கழற்றினார். "நான்தானே முதல்ல உன்னைக் கூப்பிட்டேன்" என்றார்.

"நீ கேட்டே. நீ கேள்விதான் கேட்டே. திறந்து பாக்கவான்னு கேட்டே. பதில் சொன்னது நான்."

நாலு பேரிடம் சொல்லி அவர்களிடமிருந்து பரவட்டும் என்று விட வெர்னாவுக்கு மனமில்லை. சங்கிலி மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. அந்த வாரம் முழுவதும் வீடு வீடாகப் போனார். பண்ணை வீடுகளுக்குப் புழுதிச் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு போனார். எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். "விடு வெர்னா, நீ நல்லதுக்குத்தானே சொன்னே." "உஷாரா இருக்கறது தப்பா?" "உனக்கென்ன தெரியும், இப்ப யாரை நம்பறது?" ஒரு வீட்டில் கையோடு ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு அப்பம் ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள்.

அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து சொன்னார்: "ஒருத்தராவது திட்டினா தேவலாம்."

கார்வியின் போன் நம்பர் ஊராட்சி அலுவலகத்தில் இருந்தது. வெர்னா முதலில் எழுதத்தான் நினைத்தார். எழுதினால் நல்லதாக வந்துவிடும், நல்லதாக வரக் கூடாது என்றார். "நீ பக்கத்துல இரு கண்ணு. எமில் இருந்தா எனக்குச் சாக்குச் சொல்லிக் கொடுப்பான்." எமில் வெளியே முற்றத்தில் புல்வெட்டியைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது.

நெடுநேரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தார். குரல் மென்மையாக இருந்தது. காது கேளாதவர்கள் தங்கள் குரலை அளந்து பேசுவார்களே, அப்படி.

"மிஸ்டர் கார்வி, நான் ஸ்ட்ராத்வெல்லிலேருந்து வெர்னா பேசறேன்."

"யாரு?"

"வெர்னா!"

"வெர்னாவா? உங்களைக் கண்டுபிடிக்க முடியலம்மா. நான் எவ்வளவோ பாத்தேன். நீங்க ஊரை விட்டே போயிருப்பீங்களோன்னு நெனச்சேன்."

வெர்னா எல்லாவற்றையும் சொன்னார். கத்திச் சொன்னார். வேறு வழியில்லை. ஹேக்கர் என்று எழுதியது, காவல்துறை நண்பர் என்று பொய் சொன்னது, செய்தியைத் திறக்காதே என்று ஊரை மிரட்டியது, நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தது எல்லாம் அந்தச் சமையலறையில் முழங்கின. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. வெளியே ஸ்பானர் சத்தம் நின்றுபோயிருந்தது.

கார்வி வேறெதையோ சொன்னார். "கோரா எங்க நகரத்துல, அந்த நெரிசல்லகூட, வண்டி ஓட்டும்போது எதிர்ல வர்ற ஒவ்வொருத்தருக்கும் விரலைத் தூக்குவா. சாகற வரைக்கும். பின்னால வர்றவன் ஹார்ன் அடிப்பான். நான் கிண்டல் பண்ணுவேன், எத்தனை பேரைத்தான் உனக்குத் தெரியும்னு. அன்னிக்கு உங்க ஊர்ல நானும் தூக்கிப் பாத்தேன். ஒரு பச்சை வண்டி வந்தது. ஒரு அம்மா ஓட்டிட்டு வந்தாங்க. அவங்களுக்குத் தூக்கினேன். வெயில் கண்ணாடியில அடிச்சிருக்கும், அவங்க பாத்திருக்க மாட்டாங்க."

வெர்னா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த நொடியில் அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆமாம், வெயில்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கிழவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார், மறுபடியும்.

"அது நான்தான்" என்றார்.

"என்னம்மா? கேக்கல."

"அந்த வண்டியில நான்தான்! வெயில் இல்ல! நான் பாத்தேன்! நீங்க தூக்கினதைப் பாத்தேன்!"

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஜன்னல் வழியே எமிலின் முதுகு தெரிந்தது, தலை குனிந்திருந்தது.

"பாத்தீங்களா" என்றார் கார்வி. கேள்வியாகச் சொல்லவில்லை. "சாண்ட்விச் நிறைய மிஞ்சிப்போச்சு. பெட்ரோல் பங்க்ல குடுத்துட்டு வந்தேன்" என்றார். பிறகு, "அடுத்த கோடையில கல்லு வரும். அப்ப வரணுமான்னு யோசிக்கறேன். இப்ப ஒண்ணும் சொல்ல முடியலம்மா" என்று சொல்லி, நிதானமாக, குட்பை சொல்லிவிட்டு வைத்தார்.

அவர் வருவாரா என்று எங்களுக்குத் தெரியாது. வெர்னா கேட்டு எழுதவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்கிறார். லைலை விதைக்க விடாமல், யாரெம்கோ இடத்தைத் தானே கொத்திப் புல் விதைத்தார். குழுவின் பொறுப்பையும் சங்கிலியின் உச்சியையும் விட்டுவிட்டார். இப்போது பனிப்புயல் செய்தி பேக்கரிக்காரியிடமிருந்து வருகிறது. அது வந்தால், ஊரிலேயே வெர்னா ஒருவர்தான் "யாரு சொன்னாங்க?" என்று திருப்பிக் கேட்கிறவர். பேக்கரிக்காரிக்கு எரிச்சல்.

அதோடு முடிந்திருக்கும். முதல் பனி விழுந்த வாரம் ஈடித் போனைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து ஓடி வந்தார். ஒன்டாரியோவிலிருக்கும் அக்காள் மகள் அனுப்பியது. அவளுக்கு அவள் அலுவலகத்தில் யாரோ அனுப்பியதாம், அவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து யாரோ. "எல்லோரும் கவனிக்கவும். டெஸ்மண்ட் கார்வி என்ற பெயரில் வரும் நட்பு அழைப்பை ஏற்காதீர்கள்." ஒரு எழுத்துகூட மாறவில்லை. காவல்துறையில் இருக்கும் என் நண்பர் உறுதி செய்த தகவல்.

வெர்னா நின்றபடியே படித்தார். பிறகு கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனார். வெளியே பனிக்காற்றில் இருந்து வந்தவர்கள் சிவப்பார்களே, அவர் வீட்டுக்குள் அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு அப்படிச் சிவந்தார்.

"இதை உனக்கு அனுப்பினவ நம்பர் குடு" என்றார் ஈடித்திடம்.

"அவ என் அக்கா மகதானே, நானே சொல்லிடறேன்."

"வேண்டாம். நான்தான் சொல்லணும். அவளுக்கு யாரு அனுப்பினாங்களோ அவங்க நம்பரையும் கேட்டு வாங்கணும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நம்பரைப் போட்டார். எதிர்ப்பக்கம் யாரோ ஹலோ என்றது எனக்கும் கேட்டது.

"நீங்க என்னை நம்ப வேண்டாம்" என்று ஆரம்பித்தார் வெர்னா. "ஆனா நான் சொல்றதைக் கேளுங்க. அதை எழுதினது நான்."